கல்லுக்கு ஊர் கேட்டவர்

அந்த அம்மா என்னிடம் முதல் நாள் கேட்டதை வேறு யாராவது கேட்டிருந்தால், செம்பைக் கவிழ்த்துவிட்டு வந்திருப்பேன். பாலை வாங்கி, காய்ச்சாமல் அப்படியே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இதுல இருக்கிற தண்ணி எந்தக் கிணத்துது?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டுப் பாலில் தண்ணீர் என்று என் மாமியார்கூடச் சொன்னதில்லை. அவரோ எதையும் சொல்லக்கூடியவர். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றுகிற வழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை, வேண்டாம் என்றால் பாலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவர் பதறவில்லை. "நீங்க ஊத்தினீங்கன்னு சொல்லலையே. பாலே முக்காவாசி தண்ணிதானே. மாடு எங்கயோ குடிச்சிருக்கும்ல, அது எந்தக் கிணறுன்னு கேட்டேன். லேசா உப்புக் கரிக்குது."

நான் நின்று யோசித்தேன். அந்த வாரம் எங்கள் கிணற்றில் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். மாட்டைக் கீழவீட்டுப் பங்காளிகளின் கிணற்றுக்கு ஓட்டிப்போய்த்தான் தண்ணீர் காட்டினோம். அது உப்புக் கிணறு. நாக்கில் உப்பு தெரிந்ததோ, அவர் குருட்டாம்போக்கில் கேட்டாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாளிலிருந்து அவர் வீட்டுக்குத்தான் முதல் செம்பு ஊற்றினேன். ஒரு பொருளை வாயில் வைத்தவுடன் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காரைக்குடிக்கு வெளியே பெரிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. மின்சாரமும் ரசாயனமும் சேர்ந்த படிப்பு படித்தவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். அந்த அம்மாவும் அங்கேதான். இரும்பு, செம்பு, ஈயம் இவற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஒரு ஆச்சி வீட்டின் பின்கட்டில் தனியாகக் குடியிருந்தார். நாற்பது வயது இருக்கும். நல்ல சேலைதான் கட்டுவார், ஆனால் எல்லாச் சேலையிலும் எங்காவது ஒரு பொத்தல், ஏதோ திராவகம் தெறித்தது என்பார். விரல் நுனிகள் தோல் உரிந்து கிடக்கும்.

தெருப் பெண்கள் அவரிடம் எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊரைக் கேட்டால் சாதி பின்னாலேயே வந்துவிடும் என்ற கணக்கு. அவருக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்வார். கோலார் தங்கவயலில் பிறந்தேன், அப்பா அங்கே கல்லில் தங்கம் எவ்வளவு என்று சோதிக்கிற இடத்தில் வேலை, தாத்தா ஆம்பூர்ப் பக்கமிருந்து வந்தவர் என்பார். அதற்கு முன்னால் என்று இழுத்தால், "அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது" என்பார். கேட்டவர்கள் வந்த வழியே போவார்கள். தெரியாது என்று சொல்ல அவர் வெட்கப்பட்டதே இல்லை. படித்தவர்களில் அப்படி இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

ஆபீஸ் வேலை இரும்பும் செம்பும் என்றால், ஆசை முழுக்கக் கல்மேல். அதுவும் எல்லாக் கல்லும் இல்லை. அந்தக் காலத்து மனிதர்கள், இரும்பு என்று ஒன்று உண்டு என்றே தெரியாதவர்கள், கையால் செய்து புழங்கிய கல். எங்கள் பக்கத்துச் செம்மண் பொட்டலில் மழை பெய்து ஓய்ந்தால், கண்ணாடிச் சில்லு மாதிரி வெள்ளைக் கல் சில்லுகள் மேலே மினுங்கும். ஞாயிற்றுக்கிழமை குடையும் கையுமாகப் பொறுக்கப் போய்விடுவார். எடுத்ததும் நாக்கில் வைத்து நக்குவார். ஈரம் பட்டால்தான் கல்லின் நிறம் தெரியுமாம்.

ஒரு நாள் அப்படி ஒரு சில்லை என் கையில் கொடுத்து, இதை ஒரு ஆள் உட்கார்ந்து செய்திருக்கிறான் என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. தானாக உடைந்த கல்தானே என்றேன். அவர் வாதாடவில்லை. அடுப்படியில் கிடந்த புடலங்காயை எடுத்து நீட்டினார். நான் அந்தச் சில்லால் ஒரு இழுப்பு இழுத்தேன். அரிவாள்மனையில் நறுக்கினதுபோல் துண்டு விழுந்தது. விரல் பிடிக்க ஒரு பள்ளம்கூட அதில் இருந்தது, என் பெருவிரல் சரியாகப் போய் உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர், "பால் ஊத்தப் போனவ புடலங்காய் நறுக்கிட்டு வாராளாம்" என்றார்.

பொறுக்கின கல்லெல்லாம் தீப்பெட்டிகளில் இருக்கும், சீட்டு எழுதி ஒட்டி. பெட்டியில் அடங்காதவை சன்னல் விளிம்பில். ஒரு முறை அவர் ஆபீஸ் போயிருந்தபோது வீடு கூட்ட வந்தவள் சன்னல் கல்லையெல்லாம் குப்பை என்று வாரித் தெருவில் கொட்டிவிட்டாள். தெருவிலோ ரோடு போட ஜல்லி குவித்திருந்தார்கள். அந்த அம்மா வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜல்லிக் குவியல் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதும் போடுவதும், சிலதை மடியில் வைப்பதும். வீட்டுக்கார ஆச்சி வெற்றிலை மென்றபடி வெளியே வந்து, "அம்மா, அந்தக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் என்ன ஆத்தா வித்தியாசம்? நான் வேணுமுன்னா ஒரு கூடை அள்ளிப்போடச் சொல்லுறேன்" என்றார். "ஆச்சி, இது பிள்ளையார்பட்டிப் பக்கத்து ஜல்லி. என்னுது வேற வேற ஊர்லேருந்து வந்தது" என்று பதில் சொன்னார். இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுக்காக ஒரு மாதம் தெருவைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

நிலாவில் ஆள் இறங்கிக் கல் எடுத்து வருகிறார்கள் என்று ரேடியோவில் சொன்ன நாளில் ஊரே வானத்தைப் பார்த்தது. அந்த அம்மா மட்டும் அந்தக் கல்லைப் பற்றியே பேசினார். அதையும் பொடியாக்குவார்கள், எரிப்பார்கள், என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள் என்று சின்னப் பிள்ளை தீபாவளியைச் சொல்வதுபோல் சொன்னார். கல்லைப் பொடியாக்கி எரித்தால் என்ன தெரியும் என்று நான் கேட்டது அன்றுதான். கல் பிறந்த ஊர் தெரியும் என்றார். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற இரண்டு கருங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத சரக்குகள் துளித்துளியாக வேறு வேறு அளவில் கலந்திருக்குமாம். ஒரே பாறையில் உடைத்தது என்றால் அந்தக் கலப்பு ஒத்துப்போகுமாம்.

அதைக் கேட்டவுடன் எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் சாமி கல்லை இவரிடம் காட்டினால் என்ன?

எங்கள் குலசாமி கருப்பர். சிலை கிடையாது. உள்ளங்கை நீளத்தில் ஒரு கறுப்புக் கல்தான் சாமி. ஒரு பக்கம் அகன்று கூராக, ஒரு பக்கம் குறுகி, எண்ணெய் தேய்த்த மாதிரி வழவழவென்று இருக்கும். அதை ஒரு மரப்பெட்டியில் வைத்து வீட்டில் காப்போம். மாசி மாதம் களரி என்று குலசாமி கும்பிடும்போது பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். எந்த வீட்டில் பெட்டி இருக்கிறதோ அந்த வீட்டு மருமகள் முதல் பொங்கப் பானை ஏற்றுவாள். அவள் பானை பொங்கிய பிறகுதான் மற்றவர்கள் அடுப்பில் தீ. மாமியார் படுக்கையில் விழுந்த வருஷத்திலிருந்து அந்தப் பானை என் பானை. புகையில் கண் எரியும், முதுகு வலிக்கும், ஆனாலும் அத்தனை பெண்களும் என் பானையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அதற்கு ஈடு கிடையாது.

மாமனார் இருந்தவரை யாரும் வாய் திறக்கவில்லை. அவர் போனதும் கீழவீட்டுக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். சாமி எவர் நிலத்தில் கிடைத்ததோ அவர் வீட்டில்தான் பெட்டி இருக்க வேண்டும் என்பது எங்கள் வகையறாவின் முறை. எங்கள் காட்டில் உழும்போது ஏர்முனையில் மாட்டி வந்தது என்று மேலவீடாகிய நாங்கள் சொல்வோம். இல்லை, எங்கள் ஊரணி வெட்டும்போது வந்தது, பெட்டியை மூத்த வீடு என்று கொடுத்து வைத்தோம் என்று அவர்கள் சொன்னார்கள். பேச்சு முற்றி, இரண்டு வீட்டுக்கும் மூத்தவரும் கோயிலில் பூசை பார்ப்பவருமான பெரிய மாமா, அடுத்த களரிக்குள் ஒரு முடிவு சொல்கிறேன் என்று நாள் வாங்கியிருந்தார்.

கல்லுக்கே ஊர் கேட்கிற ஆள் இருக்கும்போது சாட்சி எதற்கு? எங்கள் காட்டுக் கல் என்பதில் எனக்கு எள்ளளவு சந்தேகமில்லை. நான்தான் போய்க் கேட்டேன்.

அந்த அம்மா உடனே சரி சொல்லவில்லை. "முடிவு உங்களுக்குப் பிடிக்காததா இருந்தாலும் நான் அதைத்தான் சொல்லுவேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

"எங்க சாமிய எனக்குத் தெரியாதா? நீங்க பாருங்க" என்றேன்.

பெரிய மாமா சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்றார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வாழையிலையில் மடித்துச் சாமி முன் போட்டு, விவரம் தெரியாத சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு. அந்த அம்மா மிக மரியாதையாகக் கைகட்டி நின்று பார்த்தார். பிறகு என் காதுக்குள், இரண்டு பொட்டலமும் ஒரே கனம்தானா, யாராவது தூக்கிப் பார்த்தார்களா என்று கேட்டார். நல்லவேளை, பெரிய மாமாவுக்குக் காது மந்தம். வெள்ளைதான் வந்தது.

பெட்டியைத் திறந்து கல்லை அவர் கையில் வைத்தோம். கண்ணில் ஒற்றிக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நக்கிவிடுவாரோ என்று எனக்குப் பயம். நக்கவில்லை. "இது கோடாலி" என்றார்.

எங்கள் வீட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. "எங்க கருப்பர் அருவா வச்சிருக்கிறவரு. கோடாலியெல்லாம் இல்லைங்க."

"இரும்பு வர்றதுக்கு முன்னாடி இருந்த கோடாலி. கம்புல சொருகிக் கட்டுவாங்க. தேய்ச்சுத் தேய்ச்சே இந்த வழவழப்பு கொண்டு வந்திருக்காங்க." இதைச் சொல்லும்போது அவர் கட்டைவிரல் அந்தக் கூரின்மேல் போய்ப் போய் வந்தது.

கல்லின் குறுகிய முனையில் எப்போதோ சிறிது உடைந்த இடம் இருந்தது. அங்கேயே ஒரு சின்னச் சில்லும், சுரண்டின கொஞ்சம் பொடியும் எடுத்துக்கொண்டார். பிறகு இரண்டு நிலத்தையும் நேரில் போய்ப் பார்த்தார். எங்கள் காட்டிலும் செம்புறாங்கல், கீழவீட்டு ஊரணிக் கரையிலும் செம்புறாங்கல், நடுவே கூழாங்கல். கறுப்புக் கல் கண்ணில் படவில்லை. அதை அவர் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

இந்தச் செய்தி பரவி நாலைந்து நாளில், எங்கள் வீட்டுக்காரர் வரப்பு வெட்டும்போது கிடைத்தது என்று கைப்பிடி அளவு கறுப்புக் கல் ஒன்றைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுத்தார். அதே வாரம் கீழவீட்டுக்காரரும் ஊரணியில் முங்கி எடுத்தேன் என்று ஒரு கறுப்புக் கல்லோடு போனார். அந்த அம்மா இரண்டு கல்லையும் வாங்கித் தனித்தனித் தாளில் மடித்து, இன்னார் கொடுத்தது என்று எழுதிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் இருக்குமா என்று மட்டும் கேட்டாராம். நாங்கள் எல்லோரும் வெற்றி நமக்குத்தான் என்று இருந்தோம். அவர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

களரிக்கு முந்திய வாரம் கோயில் முன்னால் இரண்டு வீட்டு ஆட்களும் கூடினோம். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நான் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு எதிரே கீழவீட்டு அக்கா, அவர்கள் வீட்டு மூத்த மருமகள். அவர் ஏற்கெனவே புதுப் பொங்கப்பானை வாங்கி வைத்துவிட்டதாக ஒரு பேச்சு இருந்தது.

அந்த அம்மா எழுந்து நின்றார். கையில் காகிதம்கூட இல்லை. "சாமி கல்லும், மேலவீட்டுல கொடுத்த கல்லும் ஒத்துப்போகலை. சாமி கல்லும், கீழவீட்டுல கொடுத்த கல்லும் ஒத்துப்போகலை. இந்த ஊரைச் சுத்தி நான் எடுத்து வச்சிருக்கிற எந்தக் கல்லோடவும் ஒத்துப்போகலை. அது வெளியூர்க் கல்."

 சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"மேலவீட்டுக் கல்லும் கீழவீட்டுக் கல்லும் மட்டும் ஒண்ணுக்கொண்ணு அப்படியே ஒத்துப்போகுது. ஒரே பாறையில உடைச்சதாத்தான் இருக்கணும்."

பெரிய மாமா காதில் கையைக் குவித்துக்கொண்டு, காட்டில் கிடைத்ததும் ஊரணியில் கிடைத்ததும் எப்படி ஒரே பாறையாகும் என்று கேட்டார். எந்தப் பாறை அது?

"அது தெரியாதுங்க. ரெண்டுலயும் மஞ்சள் ஒட்டியிருந்துச்சு. கழுவிட்டுத்தான் பொடி பண்ணினேன்."

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு கீழவீட்டு அக்கா தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். நான் என் புருஷனைப் பார்த்தேன். எங்கள் கொல்லையில் உடைந்த அம்மி ஒன்று துவைக்கிற இடத்துக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. கீழவீட்டுக் கொல்லையிலும் ஒன்று கிடந்தது. மாமனார் காலத்தில் இரண்டு வீட்டு அம்மியும் ஒரே வியாபாரியின் வண்டியில் வந்து இறங்கியவை. பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரிக்க, அது அப்படியே பரவியது. பெரிய மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"அம்மியக் கொண்டாந்து சாமிக்குச் சாட்சி வச்சீகளாக்கும் ரெண்டு பேரும்."

எங்கள் வீட்டுக்காரர் செய்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மஞ்சளைக் கழுவியாவது கொடுத்திருப்பேன்.

கீழவீட்டு அக்கா அந்த அம்மாவிடம், அப்படியானால் சாமியை இங்கே கொண்டுவந்தது யார் என்று கேட்டார். தெரியாது என்றார். ஆணா பெண்ணா? தெரியாது. எந்த ஊரிலிருந்து? இன்னும் தெரியாது. "கல்லு தானா நடக்காது. இவ்வளவு தூரம் யாரோ கையிலதான் வந்திருக்கு. அது நடந்தது உங்க ரெண்டு வீட்டுக்கும் ரொம்ப ரொம்ப முன்னாடி. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

பெரிய மாமா தீர்ப்புச் சொன்னார். கருப்பர் யார் காட்டிலும் முளைக்கவில்லை, யார் ஊரணியிலும் பிறக்கவில்லை. கை மாறிக் கை மாறி வந்தவர். இனியும் அப்படியே மாறட்டும். பெட்டி வருஷத்துக்கு ஒரு வீட்டில். இத்தனை காலம் மேலவீட்டில் இருந்ததால் இந்த வருஷம் கீழவீட்டுக்கு.

அந்தக் களரியில் நான் மூன்றாவது அடுப்பில் பொங்கினேன். அதைப் பற்றி அதற்குமேல் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

பால் ஊற்றுவதை நிறுத்தவில்லை, பேச்சை நிறுத்தினேன். செம்பை வைப்பேன், வருவேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு அந்த அம்மா வாசலில் வந்து மறித்தார்.

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்."

"என்னைக் கூட்டிட்டுப் போனது நீங்கதான்."

"அதுதான் கோவம்."

அவர் சமாதானம் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு கண்ணாடித் தகட்டைக் கொண்டுவந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கரிக்குச்சியின் நுனியில் குழி தோண்டி, அதில் கல்பொடியை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் கண்ணைத் திறந்து பார்க்கமுடியாத வெளிச்சத்தில் எரியுமாம். அந்த வெளிச்சத்தைப் பிரித்துப் படம் பிடித்த தகடு அது. நெருக்கமான நெசவுக் கரைபோல் தகடு முழுக்க மெல்லிய கோடுகள், மூன்று வரிசையாக. எனக்குப் பஸ் போர்டையே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் சேலைக் கரை இரண்டு ஒன்றா வேறா என்று பார்க்கத் தெரியாத பெண் எங்கள் பக்கத்தில் உண்டா? மேல் இரண்டு வரிசையும் ஒரே தறி. கீழ் வரிசையில் சில கோடு அழுத்தம், சில கோடு மங்கல், மேலே இருந்த ஒரு கோடு அங்கே இல்லவே இல்லை.

"இது சாமியா?" என்று விரலை வைத்துக் கேட்டேன்.

"இதுதான்."

நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கருப்பரை நான் எத்தனையோ முறை குளிப்பாட்டியிருக்கிறேன், சந்தனம் அப்பியிருக்கிறேன். அவருக்குள்ளே இத்தனை கோடு இருக்கும் என்று நினைத்ததில்லை. கோபம் அன்றோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் கோபத்துக்குப் பக்கத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. எந்த ஊர்? யார் கொண்டுவந்தது? பால் கறக்கும்போதும் அதே யோசனை. அவரிடம் நானே போய், தெரிந்ததா தெரிந்ததா என்று கேட்க ஆரம்பித்தேன்.

லீவு விட்டால் அந்த அம்மா வடக்கே போய்விடுவார். சேலம், தர்மபுரி என்று மலையடிவாரமெல்லாம் அலைந்து பையில் கல்லோடு வருவார். ஒரு முறை அங்கே ஒரு மலையடியில் கறுப்புப் பாறை வரப்புப்போல் நீளமாக ஓடுவதைக் கண்டு அதில் உடைத்து வந்தார். அதன் தகடு வந்த அன்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். சாமியின் வரிசையும் அந்தப் பாறையின் வரிசையும் மேலும் கீழுமாக இருந்தன. நான் பார்த்தேன். ஒன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கண்டுபிடிச்சிட்டீகளே" என்றேன்.

அவர் ஒரு ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். மேலே ஒரு மெல்லிய கோடு. கீழே அந்த இடத்தில் வெறும் கண்ணாடி.

"ஒத்தைக் கோடுதானே" என்றேன்.

"ஒத்தைக் கோடுதான்" என்று தகட்டை உறையில் போட்டுவிட்டார். ஊரில் போய் நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், தர்மபுரி என்று. அவர் வாயிலிருந்து அந்த ஊர்ப் பெயர் சாமியோடு சேர்த்து ஒரு நாளும் வரவில்லை. பக்கத்து மலையில் இருக்கலாம், அதற்கடுத்ததில் இருக்கலாம், தேட வேண்டும் என்றார்.

தேடுவதற்குள் மாற்றல் வந்துவிட்டது. வடக்கே எங்கேயோ, பெயர் வாயில் நுழையாத ஊர். புறப்படுகிற அன்று மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கைப்பையைத் திறந்து, விரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். உள்ளே கொஞ்சம் சாம்பல் நிறப் பொடி.

"உங்க சாமியோட மிச்சம். எரிச்சது போக இவ்வளவு இருக்கு. இது என்கிட்ட இருக்கக் கூடாது."

பெட்டி இப்போது கீழவீட்டில் இருக்கிறது என்றேன்.

"தெரியும். நான் வாங்கினது உங்ககிட்டதானே. அதான் உங்ககிட்ட கொடுக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னார். அதை நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. குழாய் என் உள்ளங்கையில் இருந்தது. கனமே இல்லை. என் வீட்டுப் பூசை மாடத்தில் வைத்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பெட்டி எங்கே போனாலும் கருப்பரில் ஒரு பங்கு என்றைக்கும் மேலவீட்டில் இருக்கும். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சேலை மாற்றிக்கொண்டு வந்தேன். இரண்டு பேரும் கீழவீட்டுக்கு நடந்தோம். தீர்ப்பான நாளிலிருந்து நான் அந்த வாசற்படி மிதிக்கவில்லை.

கீழவீட்டு அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்னடி, வழி தெரிஞ்சுச்சா?" என்றார்.

"சாமிய விட்டுட்டுப் போக வந்தோம். ஒங்கள யாரு பார்க்க வந்தா?" என்றேன்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. கை கால் கழுவி வந்து பெட்டியைத் திறந்தார். பொடியை எதில் வைப்பது என்று ஒரு யோசனை. குழாயோடு வைத்துவிடலாமே, காற்றுப் புகாமல் இருக்கும் என்றார் அந்த அம்மா. சாமியைக் கண்ணாடிக்குள் போட்டு மூடுவதா என்று அக்கா கேட்டுவிட்டு, குழாயை வாங்கித் திறந்து, பக்கத்திலிருந்த திருநீற்று மரவைக் கிண்ணத்தில் அப்படியே தட்டிக் கொட்டினார். விரலால் ஒரு கலக்குக் கலக்கினார்.

அந்த அம்மாவின் கை பாதி தூரம் வந்து அந்தரத்தில் நின்றது. ஒரு கடுகளவு சிந்தினாலும் தாளை மடித்து அள்ளுகிறவர். இனி அதை எந்த ஊர்க் கூடத்திலும் பிரித்தெடுக்க முடியாது. கையை இறக்கிக்கொண்டார்.

அக்கா திருநீற்றை அள்ளிக்கொண்டு யாருக்கு முதலில் என்பதுபோல் எங்களைப் பார்த்தார். அவர் வீட்டுப் பெட்டிதான், அவர் வருஷம்தான். நான் முன்னால் போய் நெற்றியைக் காட்டினேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூன்று விரலால் அழுத்திப் பூசினார். அடுத்தது அந்த அம்மாவுக்கு. அவர் நெற்றி சின்னது. திருநீறு புருவத்தில் உதிர்ந்தது.

பஸ் ஏற்றிவிடப் போனேன். நிழலில்லாத இடம், வெயில் கொளுத்தியது. வேர்வை கொட்டியது அவருக்கு. பஸ் வரும்வரை கைக்குட்டையால் கன்னத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டே இருந்தார். நெற்றிப் பக்கம் மட்டும் கை போகவில்லை.